கூண்டு, தராசு, அளவுகோல்: ஆறு ஆண்டுகளாக மேய்ச்சலை அளந்த அனுபவம்

மந்தை எவ்வளவு புல்லைத் தின்றது என்பதை அறிய, ஆறு ஆண்டுகளாக, உள்ளிருக்கும் புல்லில் மாடு வாய்வைக்க முடியாத கம்பிவலைக் கூண்டுகளைப் பயன்படுத்துகிறேன். துளிர்விடும் முன் கூண்டை முளையடித்து நிறுத்துவேன். மேய்ச்சல் முடிந்ததும் கூண்டுக்குள்ளும், வெளியே அதைப் போன்ற இடத்திலும் பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள சதுரச் சட்டம் வைத்துப் புல்லை அறுத்து, எடை இனிக் குறையாது என்னும் அளவுக்கு உலர்த்தி நிறுப்பேன். உள்ளே கிடைத்த எடையில் எத்தனை விழுக்காடு வெளியே குறைகிறதோ, அதுவே மேய்ந்த அளவு. கிராமை 40ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்பதும் கிடைத்துவிடும்.

முதல் ஆண்டிலேயே கண்மதிப்பு பொய்த்தது. 30 செ.மீ. புல் 15 செ.மீ. ஆகியிருந்தது. பாதி தீர்ந்தது என்று மந்தையை வெளியேற்ற இருந்தேன். தராசோ மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை என்றது! தூர் கட்டி வளரும் புல்லுக்கு எடையெல்லாம் அடியில்தான். அதனாலேயே, பாதி உயரத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை கூடுதலாக மேய்ந்தாலும் இழப்பு மிகப் பெரிது. "பாதியை மேயவிடு, பாதியை விட்டுவை" என்ற மேய்ச்சல் விதி எடைக்குச் சொன்னது, உயரத்துக்கு அன்று.

கூண்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். மாடுகள் அதில் உடம்பைத் தேய்த்துச் சுற்றிலும் மிதித்துவிடும். வெளி மாதிரியைச் சற்றுத் தள்ளி எடுங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் ஆண்டும் விட்டால் உள்ளே வளர்ச்சியே வேறாகிவிடுகிறது. மேய்ந்த புல் மறுபடி தழைத்தால் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். மூன்று கூண்டுகளின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. பத்து ஆக்கிய பிறகுதான் சராசரியை நம்ப முடிந்தது. தண்ணீர்த் தொட்டியருகே மட்டும் வைக்காதீர்கள், அங்கே எப்போதும் மொட்டைதான்.

அன்றாட முடிவுகளுக்கு இப்போது சாதாரண அளவுகோலே போதுமாக இருக்கிறது. சில அடிகளுக்கு ஒருமுறை குனிந்து, மாடுகள் விரும்பும் முக்கியப் புல்லில் எஞ்சிய உயரத்தைக் குறித்துக்கொள்கிறேன். என் நிலத்தில் சராசரி 10 செ.மீ.க்கு இறங்கினால் மந்தையை மாற்றிவிடுவேன். அந்த 10 என்ற எண் கூண்டும் தராசும் கற்றுக்கொடுத்தது. புல்லினம் மாறினால் அதுவும் மாறும்.

மழை பொய்த்த ஆண்டில் அதே எண்ணிக்கை மாடுகளுக்கே மேய்ந்த அளவு வெகுவாக ஏறியது. ஓர் ஆண்டின் எண்ணைப் பார்த்து மந்தையை நிரந்தரமாகக் குறைக்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் எடுத்துவரும் படங்களில் வெறுந்தரை கூடுகிறதா என்றும் பார்க்கிறேன். மேட்டுச் சரிவில் மேய்ச்சல் மிகக் குறைவு என்று தெரிந்ததும், மாடுகளை அங்கே இழுக்க, அவை நக்கும் உப்புக்கட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். இந்தப் பருவத்தில் அந்தச் சரிவுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கூண்டுகள் நட்டிருக்கிறேன்.