ரப்பர் முறுக்கில் பறக்கும் பால்சா விமானம்: நான்கு வருட அனுபவம்

நாலு வருடத்தில் பால்சா என்ற மிக லேசான கட்டையில் ஏழு மாதிரி விமானம் கட்டியிருக்கிறேன். உருப்படியாகப் பறந்தவை மூன்று. ரிமோட் கிடையாது, பேட்டரி கிடையாது. முறுக்கி வைத்த ரப்பர் அவிழும்போது ப்ரொப்பல்லர் சுற்றும், அவ்வளவுதான்.

முதலில் கட்டியது டெல்டா டார்ட். அமெரிக்காவில் ஃபிராங்க் எஹ்லிங் என்பவர் வடிவமைத்தது. வரைபடம் டிஷ்யூ தாளிலேயே அச்சாகியிருக்கும்; அதன் மேல் பால்சா குச்சிகளை ஒட்டிச் சுற்றிலும் கத்தரித்தால் இறக்கை தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. அன்று அதிகபட்சம் 9 விநாடி பறந்தது. 1871ல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பறக்கவிட்ட ரப்பர் விமானமே 11 விநாடிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து ஆசைப்பட்டு ஒரு போர் விமானக் கிட் வாங்கினேன். பெட்டி மேலிருந்த படம் அருமை. உள்ளே இருந்த கட்டை கல்லு மாதிரி. துண்டுகள் பாதி வெட்டுப்பட்டு ஓரமெல்லாம் நசுங்கியிருந்தன. இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டியது, எறிந்த இடத்திலேயே மூக்கு குத்தி விழுந்தது. அதற்குப் பிறகுதான் தங்கம் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஒரே அளவுள்ள இரண்டு பால்சா பலகைகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு கனம் இருக்கும்; கண்ணால் பார்த்தால் தெரியாது. வாலுக்கு இருப்பதிலேயே லேசான கட்டை வேண்டும். பின்னால் ஒரு கிராம் கூடினால் சமன் செய்ய மூக்கில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு களிமண் அப்ப வேண்டி வரும்.

பசையும் கனம்தான். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊசி முனையால் வைக்கிறேன், போதும். தாளை இறுக்கும் டோப் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. மரச் சாமான்களுக்கு அடிக்கும் என்.சி. லேக்கரில் நிறைய தின்னர் விட்டு, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் சேர்க்கிறேன். அப்படியும் மழைக்காலத்தில் இறக்கை கோணும். இட்லிப் பானை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் நேராகிவிடும்.

இப்போது கையில் இருப்பது பி-30 வகை. இறக்கையும் நீளமும் 30 அங்குலத்துக்குள், ரப்பர் இல்லாமல் எடை குறைந்தது 40 கிராம், ரப்பர் அதிகபட்சம் 10 கிராம், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ப்ரொப்பல்லர். போட்டியில் 2 நிமிடம் காற்றில் நின்றால் முழு மதிப்பெண். எனக்குப் போட்டியெல்லாம் இல்லை. ஆனாலும் அந்த 2 நிமிடம் மனசை அரிக்கும்.

இந்தப் பொழுதுபோக்கின் செலவும் வம்பும் ரப்பரில்தான். கட்டு போடும் ரப்பர் பேண்டுகளைக் கோர்த்துப் பார்த்தேன், முடிச்சிலேயே அறுந்தது. இதற்கென்றே வரும் ரப்பர் பட்டை வேண்டும். முறுக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று வழுக்க வேண்டுமே என்று ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினேன்; இரண்டே வாரத்தில் ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துப் போனது. ட்ரெட்மில் பெல்ட்டுக்குப் போடும் சிலிக்கான் ஆயில் சரியாக வேலை செய்கிறது. வெயிலும் வெளிச்சமும் ரப்பருக்கு ஆகாது என்பதால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். "ஏங்கண்ணு, இதென்ன சேமியாவா?" என்று அம்மா ஒருமுறை அடுப்படிக்கே எடுத்துப் போய்விட்டார்.

விரலால் முறுக்கினால் 150 சுற்றில் கை வலிக்கும். கைப்பிடி சுற்றும் பழைய டிரில்லில் கொக்கி மாட்டி, ரப்பரை நான்கைந்து மடங்கு இழுத்துப் பாதிச் சுற்றுகளை ஏற்றிவிட்டு, அப்புறம் மெல்ல நெருங்கி வந்துகொண்டே மீதியை ஏற்ற வேண்டும். முழு முறுக்கில் விட்டால் முதல் சில விநாடி மூர்க்கமாக இழுக்கும். மூக்கைத் தூக்கி நின்று சரியும். அதற்குக் களிமண் சேர்த்தால் ரப்பர் தீர்ந்த பிறகு மிதக்காமல் இறங்கிவிடும். மூக்குக் கட்டையின் மேல் விளிம்பில் தீக்குச்சிச் சீவல் ஒன்றைச் செருகி ப்ரொப்பல்லரைக் கொஞ்சம் கீழ் நோக்கித் திருப்புவதுதான் வழி. இது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

கோவையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வாய்ப்பே இல்லை. மார்கழி, தை மாதங்களில் விடிந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு.

போன தையில் சற்றுத் தாமதமாக, ஒன்பது மணிக்கு மேல் விட்டேன். மேலே இரண்டு பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டதைக் கவனித்திருக்க வேண்டும். வெப்பக் காற்றில் ஏறிவிட்டால் இறக்கிவிட, எரிந்து தீர்ந்ததும் வாலைத் தூக்கிவிடும் திரி ஒன்று உண்டு. பற்ற வைக்க மறந்திருந்தேன். நாலு நிமிடம் வரை கடிகாரம் பார்த்தேன், பிறகு புள்ளியும் தெரியவில்லை. பதினோரு நாள் கழித்து, இறக்கையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் தேங்காய் பறிக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்: "உங்க பட்டம் எங்க தோப்புல மட்டையில மாட்டிக் கெடக்குதுங்க."

தாளை அணில் கடித்திருந்தது, இறக்கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. ஒட்டி, தாள் மாற்றி நிறுத்தேன். 41 கிராமாக இருந்தது 46 ஆகிவிட்டது.