வாழையா கொட்டுக்காளியா, லப்பர் பந்தா மெய்யழகனா?

ஒரே வாரத்தில் இரண்டு நல்ல படம் வந்துவிட்டால் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை, எது எவ்வளவு வசூல் என்று சண்டை போடுவது. அதைத் தயாரிப்பாளரும் தியேட்டர்காரரும் பார்த்துக்கொள்ளட்டும். டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்காருகிற எனக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது: பார்க்கிறவனுக்கும் மூளை இருக்கிறது, மனசு இருக்கிறது என்று நினைத்து எடுத்திருக்கிறார்களா, இல்லை இங்கே அழு, இங்கே கைதட்டு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறார்களா? 2024, 2025இல் அடுத்தடுத்து வந்து மோதிக்கொண்ட சில படங்களை இந்தக் கணக்கில்தான் அருகருகே வைக்கப்போகிறேன். கதையை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் வாழையும் கொட்டுக்காளியும். இரண்டும் ஒரே நாள், 2024 ஆகஸ்ட் 23. இரண்டுமே தென் மாவட்டத்துக் கிராமத்துக் கதை, இரண்டிலும் சாதி இருக்கிறது, இரண்டிலும் மாஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனாலேயே ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை மட்டம் தட்டினார்கள். கொட்டுக்காளியைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, ஓடிடியில் விட்டிருக்க வேண்டும் என்று சினிமாக்காரர்களே பேசியதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அந்தப் படத்தை அப்படிச் சொல்லலாமா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாழை, மாரி செல்வராஜ் தன் சிறுவயது அனுபவத்தை வைத்து எடுத்தது. சிவனைந்தன் என்கிற பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும், பூங்கொடி டீச்சரைப் பிடிக்கும், ரஜினியைப் பிடிக்கும், பிடிக்காதது ஒன்றே ஒன்று, லீவு நாளில் அம்மா அக்காவோடு போய் வாழைத்தார் சுமப்பது. முதல் பாதி முழுக்க அவனும் கமல் ரசிகனான சேகரும் போடுகிற சண்டையில் தியேட்டரே சிரித்துக்கொண்டிருக்கும், அந்தச் சிரிப்புக்கு அடியில் கூலிக் கணக்கு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், வியாபாரி கொடுக்கிறான், கொடுத்த காசை எப்படி மீட்பது என்று யோசித்து ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏறி உட்காரச் சொல்கிறான். அந்த லாரிதான் கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் அத்தனை உயிருக்கும் நடுவில் இருக்கிற தொடர்பை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. இதை மாரி செல்வராஜ் செய்திருக்கிற விதம் அவருடைய முந்தைய படங்கள் எதிலும் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை.

அப்புறம் அந்தச் சோறு தின்கிற காட்சி. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பையன், காலையிலிருந்து பட்டினி, வழியில் ஒரு வாழைப்பழத்தைப் பறித்ததற்கு அடியும் வாங்கியாகிவிட்டது, வீட்டுக்கு ஓடி வருகிறான், வாசலில் சாவு. அவனுக்குத் துக்கத்தைவிடப் பசிதான் பெரிதாக இருக்கிறது, உள்ளே போய்ப் பானையில் கை விட்டுச் சோற்றை அள்ளி வாயில் போடுகிறான், அதைப் பார்த்த அம்மா அவனை அடிக்கிறாள். இவ்வளவுதான் காட்சி. எந்தக் குழந்தையும் செய்யக்கூடியது, எந்த அம்மாவும் அந்த நிலைமையில் செய்யக்கூடியது, இரண்டு பேர் மேலும் தப்பில்லை. தமிழ் சினிமாவில் பசியை இவ்வளவு பக்கத்தில் காட்டிய இடங்கள் குறைவு என்று தைரியமாகச் சொல்வேன்.

என் குறையும் அங்கேதான். கடைசி இருபது நிமிடத்தில் இசையும் ஒப்பாரியும் ஏறிக்கொண்டே போகின்றன. சந்தோஷ் நாராயணனின் இசையைத் தனியாகக் கேட்டால் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் வாயில் சோறு இருக்கும்போது எனக்கு வேறு எதுவுமே தேவைப்படவில்லை, ஏற்கெனவே தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருப்பவன் மேல் மறுபடி மறுபடி கொண்டுவந்து கொட்டுகிறார்கள். டீச்சரை மெதுவாக நடக்கவிட்டுக் காட்டும் காட்சிகளையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஒரு பையனின் கண்ணால் பார்க்கிறோம் என்பது நமக்குப் புரிந்துவிட்ட பிறகும் அதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கொட்டுக்காளி இதற்கு நேர் எதிர்த் திசை. பின்னணி இசையே கிடையாது. கூழாங்கல் எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம், தியேட்டருக்கு வருவதற்கு முன்பு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டிருந்தார்கள். வேறு சாதிப் பையனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் பாண்டியும் (சூரி) இரண்டு குடும்பத்து ஆட்களும் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அந்தப் பயணம்தான் மொத்தப் படமும். மீனா படம் நெடுகப் பேசுவதே இல்லை என்று சொல்லலாம், ஒரே ஒரு தடவைதான் வாய் திறக்கிறாள். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரவென்று இருக்கிறான். பேச முடிந்தும் பேசாதவள் ஒருத்தி, கத்த நினைத்தும் குரல் வராதவன் ஒருத்தன். இதைவிட அழகாக ஒரு படத்தை எப்படி அமைக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு காளை நடுரோட்டில் நின்றுகொள்கிறது. அத்தனை ஆம்பளைகளும் கிட்டே போகப் பயந்து நிற்கிறார்கள், அதட்டுகிறார்கள், மாடு அசைவதாகத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் வருகிறாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்குப் போய்விடுகிறாள். ஆட்டோ கிளம்புகிறது. ஒரு பெண்ணை அடக்கக் கிளம்பிய கூட்டம் ஒரு மாட்டின் முன்னால் என்ன ஆனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார் இயக்குநர். இதே காட்சி வேறு ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அந்தப் பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்திருப்பாள், பின்னால் தவில் முழங்கியிருக்கும்.

ஆனால் ஒன்று. தியேட்டரில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதே வருடம் மே 31ஆம் தேதி கருடன் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அந்தச் சூரியை நினைத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்தவர்களுக்கு, இசையே இல்லாமல் நீள நீளமான ஷாட்களில் ஒரு ஆட்டோ போய்க்கொண்டே இருப்பதைக் காட்டினால் கஷ்டம்தான். விளம்பரம் இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கலாம். முடிவும் அப்படித்தான். சாமியாரிடம் இன்னொரு பெண் படும் பாட்டைப் பாண்டி பார்க்கிறான், அவன் முகம் மாறுகிறது, அவன் என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. நான் பார்த்த காட்சியில் பலர் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சிலர் கோபமாகப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். வெளியே வந்தும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பாண்டி அவளை உள்ளே கூட்டிப்போவானா, திரும்பிப்போவானா என்று முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஓடிடியில் தனியாகப் பார்த்திருந்தால் இது கிடைத்திருக்குமா? இந்தப் படம் தியேட்டருக்கு வந்தது சரிதான் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது ஒன்றே போதும்.

என் ஓட்டு கொட்டுக்காளிக்கு. உங்கள் வீட்டில் சினிமா அதிகம் பார்க்காத ஒருவரைக் கூட்டிப்போவதாக இருந்தால் வாழை. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

2025 மே 1இல் வந்த ரெட்ரோவையும் டூரிஸ்ட் ஃபேமிலியையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஏனென்றால் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது, பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிட்டது. கார்த்திக் சுப்புராஜின் ரெட்ரோவில் ஒரு கல்யாண வீட்டில் கனிமா பாட்டும் குடும்பச் சண்டையும் வெட்டுக்குத்தும் ஒரே ஷாட்டில் வந்துபோகும் அந்தப் பகுதி, உழைப்பாகவும் சினிமாவாகவும் பிரமாதம். சிரிக்கவே தெரியாத பாரியாகச் சூர்யா வெகு காலத்துக்குப் பிறகு நிஜமாகவே நடித்திருந்தார். தீவுக்குப் போனதும் படம் கையை விட்டுப் போய்விடுகிறது, காதலா, அடிமைத்தனமா, புராணமா என்று மூன்று நான்கு கதைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய டூரிஸ்ட் ஃபேமிலியில் அந்தச் சிக்கல் இல்லை. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம், சென்னையில் ஒரு காலனி, யார் வீட்டுக் கதவும் திறக்காத இடத்தில் இவர்கள் போய்த் தட்டுகிறார்கள். சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பெண்டாட்டியாகவே வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை, படத்தில் எல்லாரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்பது. அகதியாக வந்தவர்களுக்கு நிஜத்தில் எவ்வளவு கதவுகள் மூடியிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும், அந்தப் பயத்தைப் படம் தொட்டுவிட்டுச் சீக்கிரமே கையை எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் ஜெயித்தது டூரிஸ்ட் ஃபேமிலிதான்.

கடைசி ஜோடிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. லப்பர் பந்து 2024 செப்டம்பர் 20, மெய்யழகன் அடுத்த வெள்ளி, 27. பகை, உறவு, விட்டுக்கொடுப்பது என்று இரண்டும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன, ஆனால் ஒன்று மைதானத்தில் கத்திக்கொண்டு பேசுகிறது, இன்னொன்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து பேசுகிறது.

மெய்யழகன் பற்றி என் மனதில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாண மேடைக் காட்சிக்கு நிகரான ஒன்று அந்த வருடத்தில் வேறு எந்தப் படத்திலும் கிடையாது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, இத்தனை வருடம் கழித்துத் தங்கை புவனாவின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான், சட்டென்று தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு. மேடையில் அவன் கொடுத்த பரிசை அவள் அங்கேயே பிரிக்கிறாள், உள்ளே இருக்கும் நகைகளை அவன் கையாலேயே போட்டுவிடச் சொல்கிறாள். பேச்சு அதிகம் இல்லை. அரவிந்த் சாமி முகத்தில் கூச்சமும் குற்ற உணர்ச்சியும் பாசமும் ஒன்றாக வருகிறது. இயக்குநர் பிரேம்குமார் இங்கே நம்மை எதுவும் செய்யச் சொல்லவில்லை, அழுதவர்கள் அவரவர் தங்கையை, அண்ணனை நினைத்து அழுதார்கள்.

அப்புறம் வருகிறான் கார்த்தி, அத்தான் அத்தான் என்று வாய் ஓயாமல். அவன் பெயர் அருளுக்கு ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். தான் விட்டுப்போன பழைய சைக்கிள் இவன் வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்த பிறகு பெயரைக் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. இவ்வளவு நுணுக்கமான ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு, ராத்திரிப் பேச்சில் ஜல்லிக்கட்டு, ஈழம், சோழர் வரலாறு என்று படம் நீண்டுகொண்டே போனதும்தான் பலருக்குப் பொறுமை போனது. வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு நீளம் பிரச்சினையே இல்லை, சொந்தக்காரர்கள் கூடினால் ராத்திரி அப்படித்தான் போகும். சில இடங்களில் கார்த்தி அத்தானிடம் பேசுவதை விட்டுவிட்டு நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுகிறார், அதுதான் இடிக்கிறது. அந்த வரிகளை மட்டும் எடுத்திருந்தால் போதும், நேரத்தைக் கணக்குப் பார்த்து வெட்டியிருக்க வேண்டாம்.

லப்பர் பந்து இந்த இடத்தில்தான் மேலே போகிறது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்று நம்புவதே கஷ்டம். கெத்து என்கிற வயதான பேட்ஸ்மேன், அன்பு என்கிற இளவட்ட பவுலர், இரண்டு பேருக்கும் நடுவில் வீராப்பு, அன்பு காதலிக்கிற துர்கா கெத்துவின் மகள். கேட்டால் பழைய கதை. ஆனால் திறமையான ஒருவனை ஒரு அணி ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி படம் முழுக்க இருக்கிறது, பந்து போடுகிற இடைவெளியில், யார் யாருக்கு எதிரில் வாய் மூடிக்கொள்கிறார்கள் என்பதில், சாதி வெளியே தெரிந்துவிடுகிறது. கெத்து மட்டையோடு இறங்கும்போது 1989இல் வந்த விஜயகாந்த் படத்துப் பாட்டு, ‘பொட்டு வெச்ச தங்கக்குடம்’, ஒலிக்கும். விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்த நேரம் அது, தியேட்டரில் எழுந்த சத்தத்தில் பாதி அவருக்காக. இங்கேயும் பாட்டு போட்டுத்தான் நம்மைத் தூக்கிவிடுகிறார்கள், ஆனாலும் அது அந்த மனிதன் மனதுக்குள் ஓடுகிற பாட்டு, நம் மேல் தூக்கிப்போட்டது இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய காட்சி கெத்துவின் மனைவி அசோதை வருவது. புருஷன் தனக்குத் தெரியாமல் மறுபடி ஆடப் போய்விட்டான் என்று தெரிந்ததும் ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தையே உழுதுவிடுகிறார். அத்தனை ஆட்கள் முன்னால் கெத்து, பெயரிலேயே கெத்து உள்ளவன், ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறான். சாதியை மீறி அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். அவள் கோபத்துக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அட்டகத்தி தினேஷ் அதை நிற்கிற விதத்திலேயே காட்டிவிட்டார்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் லப்பர் பந்து. மெய்யழகனை விடவும் மனசில்லை, அதனால் ஒன்று சொல்கிறேன்: அண்ணன் தம்பியோ தங்கையோ யாரிடமாவது பேசி ரொம்ப நாளாகிவிட்டவர்கள் இதையே முதலில் பாருங்கள், பேச்சு நீள்கிற இடத்தில் தள்ளி ஓட்டாமல்.