சேலம் ஐந்து ரோடு அருகே மீன் தொட்டி விளக்குப் பழுது பார்க்கும் கடை

ஐந்து ரோடு பக்கமுள்ள வண்ணமீன் கடையொன்றில் தொட்டி விளக்குகளையும் பழுது பார்த்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அணைந்து அணைந்து எரிந்த எங்கள் 18 வாட் டியூப்லைட்டை மூடியோடு கழற்றிக் கொண்டுபோனேன். புது டியூபைத் தலையில் கட்டிவிடும் அவசரம் கடைக்காரரிடம் இல்லை. முதலில் ஸ்டார்ட்டரை மாற்றினார்; மினுக்கல் நிற்கவில்லை. நன்றாக எரியும் வேறொரு டியூபை மாட்டினார். அதுவும் அப்படியே சிமிட்டியது. முனைகள் கறுத்துத் தேய்ந்த டியூபில் மின்னோட்டம் நிலைக்காமல் அறுந்துபோவதால், ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப அதை ஏற்ற முயல்வதே வழக்கமான காரணம் என்றும், எங்களுடையதில் அந்தக் கறுப்பே இல்லை என்றும் காட்டினார். பிறகு ஹோல்டரைப் பிரித்தால், தொட்டியின் ஈரம் ஏறிப் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. சுரண்டிச் சமாளிக்காமல், ரப்பர் வளையமுள்ள ஹோல்டர்களைப் பொருத்தி, தண்ணீருக்கும் விளக்குக்கும் இடையே கண்ணாடி மூடி போடவும், தொட்டியில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கவும் சொன்னார். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கைத் தேவையில்லாமல் தொடவே இல்லை, நியாயமான மனிதர்.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: குளிரில் டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் அழுத்தம் குறைவதால், மார்கழிக் காலையில் டியூப் தயங்கி எரிவது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை.

குறையென்றால், ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் பழுதுவேலை பின்னுக்குப் போய்விடுகிறது.