மஞ்சள் கோடா, சவர்க்காரத் தண்ணியா, சீனிப் பொறியா?

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். ஐப்பசியில் மண் ஊறத் தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கம் அந்தத் திட்டை எங்கள் குசினிதான். சுவரும் நிலமும் சேருமிடத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தால் போதும், விடியும்போது சீனிப் போத்தலைச் சுற்றி ஊர்வலம். இதற்கு அம்மா சொல்லும் வைத்தியம் ஒன்று, மாமி சொல்வது இன்னொன்று. மாரிக்கு மாரி மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன்.

அம்மாவின் கட்சி மஞ்சள். வெடிப்போரம் கோடு போட்டால் எறும்பு அதை மிதிக்காது, உண்மைதான். ஆனால் சுற்றிப் போகும். இறக்குமதித் தடையால் 2020இல் மஞ்சள் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது அம்மா கோடு போடுவதை நிறுத்தினார். எறும்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. கறுவாத்தூளும் கராம்பெண்ணெயும் மஞ்சளைவிடக் காரம். வாசம் இருக்கும்வரை எறும்பு கிட்ட வராது, வாசம் போனதும் பழைய கதைதான்.

மாமிக்குச் சாம்பல். விறகடுப்பு எரிகிற வீட்டில் காசில்லாத மருந்து. நன்றாக அரித்து, காய்ந்தபடி வாசற்படியில் தூவினால் மஞ்சளுக்குக் குறையாமல் வேலை செய்யும். ஒரு தூவானம் பட்டால் சேறு. எறும்பு வருவதே மாரியில் என்பதால் சாம்பலுக்கு நான் அதிகம் புள்ளி கொடுக்கமாட்டேன்.

சவர்க்காரத் தண்ணியை எல்லாரும் இளக்காரமாகப் பார்ப்பார்கள். இரை கண்ட எறும்பு திரும்பும் வழியில் வாசனைத் தடம் ஒன்றைப் பதித்துக்கொண்டு போகும். பின்னால் வருவதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். முன்னால் நிற்கும் இருநூறு எறும்பை நசுக்கினாலும் தடம் கிடக்கும்வரை வரிசை ஓயாது. சவர்க்காரத் தண்ணி எறும்பையும் கொல்லும், தடத்தையும் கழுவும். வினாகிரியும் தடத்தை அழிக்கும். ஆனால் சிவப்புச் சீமெந்து நிலத்தில் அடிக்கடி துடைத்தால் மினுக்கம் போய்விடும், எங்கள் விறாந்தை சாட்சி. இரண்டில் ஒன்றென்றால் சவர்க்காரம்தான். தேசிக்காய்த் தோலைத் தேய்ப்பதும் இந்த வகைதான், கை மணக்கும் என்பது மிச்சம்.

இவை எல்லாம் விரட்டல். கூட்டுக்குள் இருக்கும் இராணிக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்குப் போய்ச் சேருவது பொறி மட்டும்தான். 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில் 5 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி போரிக் பவுடர். பஞ்சில் நனைத்துப் போத்தல் மூடியில் வைத்தால் எறும்பு குடித்துவிட்டுக் கூட்டுக்குப் போய் மற்றதுகளுக்கு வாயோடு வாய் ஊட்டும். கெதியாகச் சாகட்டும் என்று இரண்டு கரண்டி போட்டுவிடாதீர்கள், நான் போட்டேன். குடித்தது பாதி வழியிலேயே செத்துக் கிடந்தது, கூட்டுக்கு ஒன்றும் போகவில்லை. முதல் நாள் கூட்டம் இரட்டிப்பாகும், பயந்து துடைத்துவிடவும் கூடாது. ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும், அதுவரை அந்தப் பக்கம் சவர்க்காரம் படக்கூடாது. சீனியைத் திரும்பியும் பாராத எறும்பென்றால் போரிக் பவுடரைத் தேங்காய்ப்பூவில் பிசைந்து வையுங்கள். கரம் போர்ட்டுக்கு விற்கிற பவுடர் எல்லாமே போரிக் இல்லை, மாவும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதே நல்லது. இதுவும் நஞ்சுதான். பிள்ளையும் கோழியும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சந்தையில் விற்கும் எறும்புச் சோக்கை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அது பூச்சிமருந்து. பார்க்கப் பள்ளிக்கூடச் சோக்குப் போல இருப்பதுதான் ஆபத்து.

அலுமாரிக் காலுக்குக் கீழே தண்ணிக் கிண்ணம் வைப்பது அம்மம்மா காலத்து வழி. எறும்பைத் தடுக்க அதை மிஞ்சியதில்லை. ஆனால் கிழமைக்கணக்கில் மாற்றாமல் விட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. நாலு நாளைக்கொருக்கால் ஊற்றிவிட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ முடியாதவர்கள், தண்ணிக்குப் பதில் பழைய பொரித்த எண்ணெயை ஊற்றுங்கள்.

மாமரத்துச் சிவப்பெறும்பான முசுறை மட்டும் விட்டுவிடுங்கள். கடிக்கும்தான். ஆனால் அது இருக்கிற மரத்தில் மற்றப் பூச்சி குறைவு, கசுமாவுக்கும் (மரமுந்திரிகை) அதுதான் காவல். வீட்டுக் கூரையில் முட்டும் கிளையை வெட்டிவிட்டால் அது தன்பாட்டில் மரத்தோடு இருக்கும்.