மீதிப் பணம் தருமுன் பாஸ்வேர்டைக் காலியாக விட்டு லாகின் செய்து பாருங்கள்

விடுப்பு விண்ணப்ப மென்பொருள் ஒன்றை எங்கள் அலுவலகத்துக்குச் செய்து கொடுத்தவர்கள், "ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்தாயிற்று, விண்டோஸ் பாஸ்வேர்டே போதும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். ஆக்டிவ் டைரக்டரி என்பது அலுவலகத்தின் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் விண்டோஸ் சேவை. அந்த மென்பொருளின் உள்ளே இருந்ததை எழுதுகிறோம். இதே கோடு (நிரல்) வேறு அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

யூசர் பெயரைச் சரியாக அடித்து, பாஸ்வேர்டை அடிக்காமல் விட்டாலும் உள்ளே விட்டுவிடுகிறது. யார் பெயரிலும் நுழையலாம், மேலாளர் பெயர் உட்பட. டைரக்டரியோடு பேசும் முறை எல்டேப்; அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அடையாளம் காட்டுவது பைண்ட். பெயர் மட்டும் வந்து பாஸ்வேர்டு காலியாக இருக்கும் எல்டேப் பைண்டை, எல்டேப்பின் தர ஆவணமான ஆர்எஃப்சி 4513 தனி வகையாகவே சொல்லி எச்சரிக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி இயல்பு அமைப்பில் அதைப் பெயரில்லாத இணைப்பாக எடுத்துக்கொண்டு 'வெற்றி' என்று பதில் தரும். அந்தப் பதிலையே 'பாஸ்வேர்டு சரி' என்று கோடு எடுத்துக்கொள்கிறது. பைண்டுக்கு முன்னால் காலி பாஸ்வேர்டை மறுக்கும் ஒரே ஒரு வரி போதும், அதுகூட இல்லை. ஜாவாவில் ஜேஎன்டிஐ (டைரக்டரியை அணுகும் ஜாவா இடைமுகம்) வழியாக எழுதினாலும் இதே பள்ளம் உண்டு. விண்டோஸ் சர்வர் 2019 முதல் இந்த வகைப் பைண்டை டைரக்டரி அமைப்பிலேயே தடுக்க முடியும், தடுத்துவிடுங்கள்.

அதைவிடப் பயங்கரம், யூசரைத் தேடுவதற்கு அலுவலகத்தின் எல்லாக் கணினி, கணக்குகள் மேலும் அதிகாரமுள்ள டொமைன் அட்மின் கணக்கையே பயன்படுத்தி, அதன் பாஸ்வேர்டைக் கோடிலேயே எழுதி வைத்தது. மென்பொருளின் டாட்நெட் டிஎல்எல் ஃபைலை, உள்ளே உள்ள கோடைத் திரும்ப எடுத்துக் காட்டும் ஐஎல்ஸ்பை கருவியில் திறந்தால் அது அப்படியே எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. அந்த ஃபோல்டரின் பேக்கப் யார் கையில் கிடைத்தாலும் மொத்த டொமைனும் அவர் கையில். தேடுவதற்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. இயல்பாகவே சாதாரண டொமைன் யூசரால் பெயர், மின்னஞ்சல், துறை எல்லாம் படிக்க முடியும். ஐஐஎஸ் வெப் சர்வரில் இந்த மென்பொருள் ஓடும் அப்ளிகேஷன் பூலை ஜிஎம்எஸ்ஏ கணக்கில் (சர்வீஸ்களுக்கென டொமைனே நிர்வகிக்கும் கணக்கு) ஓட்டினால், டைரக்டரியை அணுகும் டாட்நெட் கிளாஸான டைரக்டரிஎன்ட்ரிக்குப் பாதையை மட்டும் கொடுத்தால் போதும். கோடில் பாஸ்வேர்டே இருக்காது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை டொமைனே இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும்.

பைண்ட் போவதும் 389 போர்ட்டில், டிஎல்எஸ் என்னும் மறையாக்கம் இல்லாமல். நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ஊழியர் பாஸ்வேர்டு அப்படியே படிக்கக் கிடைத்தது. "உள் நெட்வொர்க்தானே சார்" என்பதுதான் அவர்கள் தந்த பதில். டிஎல்எஸ் உள்ள 636 போர்ட்டுக்கு மாற்றச் சொன்னபோது, சர்வரின் சான்றிதழ் சரிபார்ப்பை எப்போதும் 'சரி' என்று திருப்பும்படி எழுதி அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் நடுவில் எவரும் போலி சர்வராக நின்று பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் எது இப்படி மறையாக்கம் இல்லாமல் பைண்ட் செய்கிறது என்று அறிய, டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) ரெஜிஸ்ட்ரியில் '16 எல்டேப் இன்டர்ஃபேஸ் ஈவன்ட்ஸ்' மதிப்பை 2 ஆக்குங்கள். டைரக்டரி சர்வீஸ் லாகில் 2889 என்ற ஈவன்ட் ஐபியையும் கணக்கையும் சேர்த்தே காட்டும்.

கோடிலிருந்து பாஸ்வேர்டை நீக்கிவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் அதோடு விடாதீர்கள். பழைய டிஎல்எல்லிலும் கோடின் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிட் வரலாற்றிலும் அது அப்படியே கிடக்கும். அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.