இரண்டு மஞ்சள் மாத்திரை: மெத்தோட்ரெக்சேட்டோடு ஆறு வருஷம்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் தங்கைக்கும் என்னைப் போலவே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் என்று உறுதியாகி, மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "அது கேன்சர் மாத்திரையாமே, நீ எப்படிடி ஆறு வருஷமா முழுங்கறே?" என்றாள். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

கேன்சர் மாத்திரைதான். செல் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாதிரியே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றும். ஏமாந்த செல்லால் பெருக முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் பிறந்த மருந்து வகை. இதன் அண்ணனான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை அமெரிக்க டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-ல் எழுதினார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988-ல்தான். புற்றுநோய்க்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம்கூட ஏற்றுவதுண்டு. எனக்கு வாரத்துக்கு 15. இந்தச் சின்ன அளவில், உடம்பில் அழற்சியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருளைக் கூட்டி, மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நம் சொந்த நோய் எதிர்ப்புப் படையை அடக்கிவைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

வேலை செய்கிறதா? செய்கிறது, ஆனால் மெதுவாக. முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வாரம் துணி துவைத்துவிட்டு ஈரத் துண்டைப் பிழிந்தேன். பிழிந்து உதறிக் கொடியில் போட்ட பிறகுதான் உறைத்தது, வலிக்கவில்லை என்று. அதற்கு முன்னால் ஒரு வருஷமாகத் துண்டை அப்படியே சொட்டச் சொட்டத் தொங்கவிட்டவள் நான்.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். இந்த மாத்திரை வாரம் ஒன்று. இதன் தொல்லைகளான வாய்ப்புண், குமட்டலைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட். எனக்கு வாய்ப்பது இரண்டுமே குட்டியாக, வட்டமாக, மஞ்சளாக! ஒன்றைத் தினம் போட்டால் நல்லது. இன்னொன்றைத் தினம் போட்டால் வெள்ளணு சரிந்து உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் ஒரே நிறம் அடிக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. ஒருமுறை மருந்துக்கடைப் பையன் பழுப்புக் கவரில் "இரவு 1" என்று மட்டும் எழுதி மெத்தோட்ரெக்சேட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டான். வீட்டுக்காரர் கவனித்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து மெத்தோட்ரெக்சேட் பீரோவில், ஃபோலிக் ஆசிட் அடுக்களையில். மெத்தோட்ரெக்சேட் அட்டையில் சிவப்பு நகப்பூச்சால் 'ஞாயிறு' என்று எழுதிவைக்கிறேன்.

மற்றதெல்லாம் பழகிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணு, கல்லீரல், சிறுநீரக டெஸ்ட். கொஞ்சம் முடி கொட்டியது, எனக்கு ஏற்கெனவே கொட்டுகிற முடிதான். ஆனால் ஒன்றைத் தங்கையிடம் கட்டாயம் சொல்: குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். கருவுக்கு இது ஆகவே ஆகாது. சில மாதம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

அப்புறம் சொந்தக்காரர்கள். 2020-ல் ஊரே கபசுரக் குடிநீர் குடித்து எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் ஞாயிறுதோறும் அதை இறக்கிக்கொண்டிருந்தேன். "உனக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல், அதான் மூட்டு வலி" என்று பெரியம்மா இன்றைக்கும் சூரணம் கொண்டுவருகிறார். குறைச்சல் இல்லை பெரியம்மா, அதற்குக் கொழுப்பு கூடிப்போய் சொந்த வீட்டையே அடிக்கிறது என்றால் ஏற்க மாட்டார். டாக்டரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் திறப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

சரி, சிபாரிசு செய்வேனா? விலை குறைவு, கை திரும்பக் கிடைத்தது, மூட்டு கோணவில்லை. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டுதான். இன்று திங்கட்கிழமை. நேற்று ராத்திரி போட்டது இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது, காபி வாசனைகூடப் பிடிக்கவில்லை, எதிரே பக்கத்து வீட்டு மதில் வேறு புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது.