இஞ்சியா, குளிசையா? கர்ப்பகாலத் தொல்லைகளுக்கு எது தோது?

கொழும்பில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி வெளியே வந்தால் போதும், ஆலோசனை இரண்டு பக்கமிருந்தும் வந்து குவியும். வெள்ளவத்தை மாமி இஞ்சி தட்டிக் குடிக்கச் சொல்வார். சந்தியில் உள்ள பார்மசிக்காரர் ஒரு குளிசைக் கார்டை எடுத்து வைப்பார். இது இயற்கை, அது மருந்து என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு தொல்லைக்கு எடுப்பது இன்னொன்றைக் கிளறுகிறதா, கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்புக் குளிசையைக் கெடுக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

ஓங்காளம், சத்தி

பெரும்பாலும் 6ஆவது கிழமையளவில் தொடங்கி, 9ஆவது கிழமையை ஒட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 கிழமைக்குள் அடங்கிவிடும். இஞ்சி ஓங்காளத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. சத்தி எடுப்பதை அது அவ்வளவாக நிறுத்துவதில்லை. நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இஞ்சியே சில வேளை எரிவைக் கூட்டும். எங்கள் வீடுகளில் இஞ்சி தனியாக வருவதும் இல்லை, பிளேன்டீயோடுதான் வரும். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். ஆகவே இஞ்சி வேண்டுமென்றால் வெறும் சுடுநீரில் போடுங்கள். தேத்தண்ணிதான் வேண்டும் என்றால், இரும்புக் குளிசைக்கும் அதற்கும் இடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் விற்றமின் பி6, தேவைப்பட்டால் அதோடு டொக்சிலமின் என்ற ஒவ்வாமை மருந்து. இந்தக் கூட்டு மருந்துக்கு ஒரு வினோதமான கதை இருக்கிறது. அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் விற்கப்பட்டு, பிள்ளைகளுக்கு ஊனம் வருகிறது என்று வழக்குகள் குவிந்ததால் 1983இல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் குற்றச்சாட்டை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2013இல் அதே கூட்டு வேறு பெயரில் மறுபடி அனுமதி பெற்றது. தூக்கம் வரும், அதுதான் அதன் பெரிய குறை. காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுக வேலைக்குப் போகிறவர் இதை வைத்தியரிடம் கேட்டு இரவில் எடுப்பதே தோது.

இலேசான ஓங்காளம் என்றால் என் தெரிவு இந்த இரண்டுக்கும் முன்னால் கிறீம் கிறேக்கர்தான். எழும்பியவுடன், கட்டிலை விட்டு இறங்க முன், இரண்டு பிஸ்கட். வெறும் வயிறு ஓங்காளத்தைக் கூட்டும், அது எல்லாருக்கும் தெரிந்ததே. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சலம் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகவே போகிறது என்றால் வீட்டில் மினக்கெடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெஞ்செரிவு

குளிர்ந்த பால், நுரைக்கும் உப்புத்தூள், அல்ஜினேட் பாணி. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்துகிறது, பிறகு வளரும் பிள்ளை கீழிருந்து தள்ளுகிறது. அதனால்தான் அமிலம் மேலே ஏறுகிறது. பால் உடனே ஆற்றும், கொஞ்ச நேரத்தில் எரிவு திரும்பி வரும். நுரைக்கும் தூளில் சோடியம் பைகாபனேற் இருக்கிறது. அது உடம்பில் உப்பை ஏற்றும் என்பதால் கர்ப்பத்தில் விலக்குவது நல்லது. அல்ஜினேட் இரைப்பையில் உள்ளதன்மேல் மிதப்பு போலப் படர்ந்து அமிலத்தைத் தடுக்கிறது. மூன்றில் என் வாக்கு இதற்கே. ஆனால் பாலோ அமில நீக்கியோ எதுவானாலும் இரும்புக் குளிசையோடு சேர்க்கக்கூடாது. கிளினிக்கில் தரும் கல்சியமும் அப்படித்தான். கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும், இரும்பை விற்றமின் சீயோடு இரவிலும் என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை.

மலச்சிக்கல்

இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரும்புக் குளிசையே மலச்சிக்கலைக் கூட்டும். மலம் கறுப்பாகப் போவதும் அதனால்தான், பயப்படத் தேவையில்லை. பலர் செய்வது குளிசையை மெல்ல நிறுத்திவிடுவது. மிட்வைஃப் கேட்டால் “எடுக்கிறேன் மிஸ்” என்பார்கள்! அதைவிட உள்ளதைச் சொல்லிவிட்டால் வேறு வகைக் குளிசையோ வேறு அளவோ தர வழியிருக்கும்.

வீட்டுப் பக்கத்தில் பப்பாப்பழம், வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி. பப்பாப்பழம் என்றதும் மாமிமார் திடுக்கிடுவார்கள். அவர்களின் பயத்தில் பாதி நியாயம் உண்டு: காயிலும் அரைப்பழத்திலும் உள்ள பால் கருப்பையைச் சுருங்க வைக்கலாம். நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் இல்லாத அளவுதான். மற்றப்படி, பழைய ஆட்கள் கொடுத்த விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிரசவ வலியைத் தூண்டக்கூடியது. பார்மசிப் பக்கத்தில் இசப்கோல் என்ற நார்த்தூளும், மலத்தை இளக்கும் லக்டியுலோஸ் பாணியும். இசப்கோல் மலிவு, ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் நிலைமை மோசமாகும். கொழும்பு வெக்கையில் வியர்த்தே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. லக்டியுலோஸ் உடம்பில் அநேகமாக உறிஞ்சப்படுவதில்லை, வயிறு கொஞ்சம் ஊதும். கீரை, பழம், தண்ணீர் என்று ஒரு கிழமை பார்த்துச் சரிவராவிட்டால் லக்டியுலோஸ், இதுவே என் வரிசை.

நாரி நோ, கால் வீக்கம்

நாரி நோவுக்கு முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது எந்தத் தைலத்தையும்விட மேல். தாங்க முடியாவிட்டால் பனடோல், தேவையான அளவுக்கு மட்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற நோ குளிசை வகைகளைக் கேட்டு வாங்காதீர்கள். 20 கிழமைக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறையா, காலை உயர்த்தி வைப்பதா? காலுறை வேலை செய்யும்தான், ஆனால் ஏப்ரல் மாதக் கொழும்பில் அதைப் பகல் முழுக்கப் போட்டிருப்பவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். காலை உயர்த்தி வையுங்கள், பஸ்ஸில் கர்ப்பிணிகளுக்கான சீற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். முகமும் கையும் திடீரென வீங்கினால், விடாத தலையிடியோ கண் மங்கலோ வந்தால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், தலையணையும் வேண்டாம் பார்மசியும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.